பருவமும் படைப்பும்

நிலமும் பொழுதும் பாட்டுக்கு முதற்பொருள் என்பது தமிழ் இலக்கண மரபு. ஒருவர் எந்த நிலத்தில் வாழ்கின்றாரோ, எந்தப் பருவங்களைக் கண்டு வளர்கின்றாரோ, அவை அவர் உள்ளத்தில் ஊறிச் சொல்லில் வெளிப்படும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை அவர்கள் ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். இங்கிலாந்து நாட்டினரோ இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்காகப் பகுப்பர். அந்நாட்டின் வடபகுதியில், மலைச்சரிவில் அமைந்த சிற்றூர் ஒன்றில், சார்லட், எமிலி, ஆன் என்னும் சகோதரியர் மூவர் வாழ்ந்தனர். அவர்கள் முதலில் கவிதை நூல் ஒன்றை வெளியிட்டனர், அது விலைபோகவில்லை. ஆயினும் எழுதுகோலை அவர்கள் கீழே வைத்தாரில்லை. அடுத்த ஆண்டிலேயே அவர்களுடைய முதல் நாவல்கள் வெளிவந்து இலக்கிய உலகில் நிலைபெற்றன. பிரான்டே சகோதரியர் எனப் புகழ்பெற்ற அம்மூவரின் வரலாற்றைப் பருவங்களின் வழியே காண்போம்.

யார்க்‌ஷயர் பகுதியில் உள்ள ஹாவர்த் என்பது அவ்வூரின் பெயர். கல் பாவிய செங்குத்தான தெரு ஒன்று ஊரின் உச்சிக்கு ஏறிச் செல்கின்றது. உச்சியில் திருக்கோயிலும், அதனை அடுத்துப் பாதிரியார் வாழும் இல்லமும் உள்ளன. இல்லத்தின் முன்னே இடுகாடு. பின்னே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரமற்ற மேட்டுநிலம். அந்நிலத்தை ஆங்கிலேயர் 'மூர்' என்பர். அங்கே உழவு இல்லை. கரிய ஈரமண்ணும், பாறையும், காற்றில் தலை சாய்ந்த புல்லும், 'ஹெதர்' என்னும் குறுஞ்செடியுமே உண்டு. ஆண்டின் பெரும்பகுதி பழுப்பு நிறம் காட்டும் அந்நிலம், கோடை முடியும் காலத்தில் ஹெதர் பூத்தவுடன் ஊதா நிறம் போர்த்து விளங்கும். குளிர்காலத்தில் அதே நிலம் பனியால் மூடப்பட்டு, ஊளையிடும் காற்றுக்கு இருப்பிடமாகும்.

1820ஆம் ஆண்டில் பேட்ரிக் பிரான்டே என்னும் பாதிரியார் தம் மனைவியோடும் ஆறு குழந்தைகளோடும் இவ்வூருக்குக் குடியேறினார். மறு ஆண்டிலேயே தாய் இறந்தார். 1825ஆம் ஆண்டில் மூத்த பெண்மக்கள் இருவரும் நோயுற்று மறைந்தனர். எஞ்சியவர் சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் என்னும் நால்வர். அவர்களுள் பிரான்வெல் ஒருவனே ஆண்மகன். தாயின் தமக்கையார் ஒருவர் வந்து வீட்டைப் பேணினார்.

1826ஆம் ஆண்டில் ஒருநாள் தந்தை தம் மகனுக்கு மரத்தால் செய்த பொம்மை வீரர்கள் சிலரை வாங்கி வந்தார். குழந்தைகள் நால்வரும் ஆளுக்கொரு வீரனை எடுத்துக்கொண்டு பெயர் சூட்டினர். விளையாட்டு கதையாயிற்று, கதை நாடாயிற்று. சார்லட்டும் பிரான்வெல்லும் 'ஆங்கிரியா' என்னும் கற்பனை நாட்டையும், எமிலியும் ஆனும் 'கோண்டால்' என்னும் கற்பனை நாட்டையும் படைத்தனர். அந்நாடுகளின் வரலாறுகளையும் பாடல்களையும் ஏராளமாக எழுதினர். இளமையில் அவர்கள் தைத்த நூல்கள் சில உள்ளங்கையில் அடங்குவன. அவற்றின் எழுத்துகள் கடுகினும் சிறியன. யாரும் கேட்டு எழுதியவை அல்ல. யாருக்கும் விற்க எழுதியவையும் அல்ல. ஆயினும் பின்னாளில் விளைந்த பயிருக்கு இவையே விதை.

வறிய பாதிரியாரின் பெண்மக்கள் அந்நாளில் பிழைக்க வழி ஒன்றே இருந்தது. செல்வர் இல்லங்களில் தங்கிக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதோ, பள்ளியில் ஆசிரியையாய் இருப்பதோதான் அது. சார்லட் 1841ஆம் ஆண்டில் ஓர் இல்லத்தில் பெற்ற ஊதியம் ஆண்டுக்கு 20 பவுன். அதிலும் 4 பவுன் சலவைச் செலவுக்குக் கழிந்தது. அதற்கு முன்பே, இருபது வயதில், தம் கவிதைகள் சிலவற்றை அரசவைக் கவிஞர் இராபர்ட் சதி என்பவருக்கு அவர் அனுப்பியிருந்தார். 1837ஆம் ஆண்டில் மறுமொழி வந்தது. கவிதை ஆற்றல் உமக்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட கவிஞர், இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருத்தல் ஆகாது என்று அறிவுரை கூறினார். சார்லட் அம்மடலைப் பாதுகாத்து வைத்தார். எழுதுவதை மட்டும் விட்டாரில்லை.

1842ஆம் ஆண்டில் சார்லட்டும் எமிலியும் பெல்ஜியம் நாட்டின் பிரசல்ஸ் நகருக்குச் சென்று பிரெஞ்சும் செருமானியமும் பயின்றனர். ஊர் திரும்பித் தம் இல்லத்திலேயே பள்ளி ஒன்று தொடங்க எண்ணி அறிவிப்பு அச்சிட்டனர். ஒரு மாணவியும் வரவில்லை. உடன்பிறந்த பிரான்வெல்லோ ஓவியமும் கவிதையும் பயின்றும் ஒன்றிலும் நிலைகொள்ளாது, மதுவுக்கும் அபினுக்கும் அடிமையாகி வீட்டில் வீழ்ந்து கிடந்தான். தந்தையின் கண்பார்வை மங்கி வந்தது. குடும்பத்தின் நிலை இவ்வாறு இருந்தபோதுதான் 1845ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் வந்தது.

அப்பருவத்தில் ஒருநாள், எமிலியின் கையெழுத்தில் அமைந்த கவிதைச் சுவடி ஒன்று தற்செயலாகச் சார்லட்டின் கண்ணில் பட்டது. எடுத்துப் படித்தார், திகைத்தார். பெண்கள் பொதுவாக எழுதும் மென்மையான பாடல்களாக அவை தோன்றவில்லை. சுருங்கிய சொல்லும் உறுதியும் உண்மையும் வாய்ந்த பாடல்கள் அவை. எமிலியோ தம் உள்ளத்தைத் தம்மைக் கேளாமல் திறந்து பார்த்துவிட்டனர் என்று சினந்தார். அச்சினத்தைத் தணிக்கச் சில மணி நேரமும், அப்பாடல்கள் அச்சேறத் தக்கவை என்று இணங்கச் செய்யச் சில நாளும் ஆயின. இதற்கிடையே இளையவராகிய ஆன், தாம் எழுதிய பாடல்களையும் அமைதியாக எடுத்து வந்து தமக்கையின் முன் வைத்தார். மூவர் பாடல்களையும் ஒரே நூலாக்குவது என்று முடிவு செய்தனர்.

பெண்கள் எழுதிய நூல் என்றால் திறனாய்வாளர் நடுநிலையோடு நோக்கமாட்டார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆதலின் கர்ரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்று ஆணா பெண்ணா என்று தெளிவாகாத புனைபெயர்களைத் தெரிந்துகொண்டனர். ஆங்கில எழுத்து முறைப்படி அவரவர் பெயரின் முதலெழுத்து மாறாதிருக்குமாறு அவை அமைந்திருந்தன. தந்தையும் இதனை அறியவில்லை, உடன்பிறந்தானும் அறியவில்லை.

1846ஆம் ஆண்டு, குளிர்காலத்தின் நடுவே, சனவரித் திங்களில், சார்லட் இலண்டன் நகரப் பதிப்பாளராகிய எய்லட் - ஜோன்ஸ் நிறுவனத்தாருக்கு மடல் எழுதினார். ஆசிரியர்களே செலவை ஏற்பதானால் அச்சிடுவதாக அவர்கள் இசைந்தனர். 31 பவுன் 10 ஷில்லிங் அனுப்ப நேர்ந்தது. சார்லட்டின் ஓராண்டு ஊதியத்தோடு இதனை ஒப்பிட்டால் இத்தொகையின் பெருமை விளங்கும். இறந்துபோன பெரிய தாயார் விட்டுச்சென்ற சிறு பொருளிலிருந்து இதனைக் கொடுத்தனர்.

இளவேனில் முதிர்ந்த மே மாதத்தில் நூல் வெளிவந்தது. சார்லட்டின் பாடல்கள் 19. எமிலியின் பாடல்கள் 21. ஆனின் பாடல்கள் 21. விலை 4 ஷில்லிங். இதழ்கள் சில பாராட்டியும் எழுதின. ஆயினும் ஓராண்டு கழிந்து கணக்குப் பார்த்தபோது விற்றவை இரண்டே படிகள்! எஞ்சிய படிகளுள் சிலவற்றைத் தாம் போற்றிய வொர்ட்ஸ்வொர்த், டென்னிசன் முதலிய பெருங்கவிஞர்களுக்குச் சார்லட் அன்பளிப்பாக அனுப்பி வைத்தார். நூல் விலைபோகாமையை ஒளிக்காமல் நகைச்சுவையோடு மடலில் குறிப்பிட்டிருந்தார்.

இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கருதவேண்டும். கவிதை நூல் அச்சேறி முடிவதற்கு முன்பே, அதன் வெற்றி தோல்வியை எதிர்பாராமலே, மூவரும் ஆளுக்கொரு நாவல் எழுதத் தொடங்கிவிட்டனர். சார்லட் 'பேராசிரியர்' என்னும் கதையையும், எமிலி 'வதரிங் ஹைட்ஸ்' என்னும் கதையையும், ஆன் 'ஆக்னஸ் கிரே' என்னும் கதையையும் எழுதினர். பகலெல்லாம் வீட்டுவேலை இருக்கும். மாவு பிசையும்போதே எதிரில் செருமானிய நூலை விரித்துவைத்து எமிலி படிப்பாராம். இரவு ஒன்பது மணி அடித்ததும் தையலை எடுத்துவைத்துவிட்டு, உணவு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே, தாம் எழுதியவற்றை ஒருவர்க்கொருவர் கூறி ஆராய்வர். அவர்கள் வாங்கும் காகிதத்தின் அளவைக் கண்டு ஊர் வணிகர் வியந்தார். கேட்கும்போது இல்லை என்று சொல்ல மனமின்றி, அரைக் கட்டுக் காகிதத்திற்காகப் பத்து மைல் தொலைவிலுள்ள ஹாலிபாக்ஸ் நகருக்கு அவர் பலமுறை நடந்து சென்று வந்தார்.

1846ஆம் ஆண்டுக் கோடை, சோதனைப் பருவமாயிற்று. மூன்று கதைகளும் பதிப்பாளர்களிடம் சென்று சென்று திரும்பின. ஆகஸ்டுத் திங்களில் சார்லட் தந்தையாரை மான்செஸ்டர் நகருக்கு அழைத்துச் சென்றார். கண்புரையை நீக்க அங்கே அறுவை மருத்துவம் நடந்தது. மயக்க மருந்து வழக்கிற்கு வராத காலம் அது; முதியவர் கால் மணி நேரம் அசையாது பொறுத்திருந்தார். அதே நாளில்தான் 'பேராசிரியர்' கதை மீண்டும் ஒருமுறை திரும்பி வந்து சேர்ந்தது. இருட்டறையில் கண் கட்டப்பட்டுக் கிடந்த தந்தை ஒருபுறம். ஏற்பாரற்ற கையெழுத்துப் பிரதி ஒருபுறம். பழக்கமில்லாத அந்நகரத்து வாடகை அறையில், தம் பல்வலியையும் பொறுத்துக்கொண்டு, சார்லட் புதிய கதை ஒன்றைத் தொடங்கினார். அதுவே 'ஜேன் அயர்'. கிட்டப்பார்வை உடையவராதலின், சிறு பலகையில் தாளை வைத்து முகத்தருகே பிடித்துக்கொண்டு பென்சிலால் எழுதுவது அவர் வழக்கம்.

தந்தை பார்வை பெற்று ஊர் திரும்பினார். அவ்வாண்டுக் குளிர் மிகக் கடுமையாக இருந்தது. வீட்டினர் அனைவரும் சளியாலும் இருமலாலும் வருந்தினர். வெளியே செல்ல இயலாத அந்நாள்களில் கதை வளர்ந்தது. 'ஜேன் அயர்' நாவலின் முதற்காட்சியைப் படிப்போர் இக்குளிரை உணரலாம். வெளியே மழையும் குளிர்காற்றும்; உள்ளே, சாளரத்துத் திரைக்குப் பின்னே ஒதுங்கி நூல் படிக்கும் அனாதைச் சிறுமி ஒருத்தி. அழகும் செல்வமும் இல்லாத அச்சிறுமி வளர்ந்து, தன் மதிப்பை யாருக்கும் விட்டுக்கொடாத ஆசிரியையாக வாழ்வதே அந்நாவலின் கதை.

அக்கால இங்கிலாந்தில் நாவல்களின் விலை மிகுதி. ஒரு நாவலை மூன்று தொகுதிகளாக அச்சிட்டு 31 ஷில்லிங் 6 பென்சுக்கு விற்பது வழக்கம். பொதுமக்கள் அதனை விலைக்கு வாங்குவது அரிது. கட்டணம் செலுத்தும் நூலகங்களிலிருந்து பெற்றே படிப்பர். ஆதலின் மூன்று தொகுதி அளவு இல்லாத நூலைப் பதிப்பாளர் விரும்புவதில்லை. 1847ஆம் ஆண்டுக் கோடையில் 'ஸ்மித் எல்டர்' என்னும் இலண்டன் நிறுவனத்துக்குப் 'பேராசிரியர்' சென்றது. பல நிறுவனங்களுக்குச் சென்று மீண்ட பொதி அது. முன்னைய பதிப்பாளர்களின் பெயர்களை அடித்துவிட்டு அதே உறையில் புதிய முகவரியைச் சார்லட் எழுதியிருந்தார். அந்நிறுவனத்தார் அதனை ஏற்கவில்லை. ஆயினும் குறைநிறைகளை விரிவாக எடுத்துக்காட்டி, மூன்று தொகுதி அளவில் வேறு நூல் இருப்பின் கருத்துடன் பார்ப்போம் என்று பண்போடு எழுதினர். அந்த ஒரு மடல் போதுமானதாயிற்று. ஆகஸ்டு இறுதியில் 'ஜேன் அயர்' பிரதி இரயிலில் சென்றது.

நிறுவனத்தின் இளம் தலைவர் ஜார்ஜ் ஸ்மித், ஞாயிற்றுக்கிழமை காலை அதனைக் கையில் எடுத்தார். நண்பரோடு குதிரையேறிச் செல்ல இருந்ததைக் கைவிட்டார். படித்து முடித்த பின்னரே உறங்கச் சென்றார். அக்டோபர்த் திங்களில், இலையுதிர்காலத்தில், நூல் வெளிவந்தது. புகழ்பெற்ற நாவலாசிரியர் தாக்கரே தம் வேலையை மறந்து அதில் ஒருநாள் முழுதும் ஆழ்ந்துவிட்டார். சில மாதங்களிலேயே இரண்டாம் பதிப்பும் மூன்றாம் பதிப்பும் வந்தன. டிசம்பர்த் திங்களில் எமிலியின் நாவலும் ஆனின் நாவலும் ஒருசேர வேறொரு பதிப்பாளரால் வெளியிடப்பட்டன. அவற்றுக்கு ஆசிரியர்களே 50 பவுன் செலுத்த நேர்ந்தது.

'வதரிங்' என்பது மேட்டுநிலத்தில் வீசும் கடுங்காற்றைக் குறிக்கும் யார்க்‌ஷயர் வட்டாரச் சொல். நூலின் பெயரிலேயே காற்று வீசுகின்றது. மாந்தரின் அன்பும் பகையும் அந்நிலத்தின் புயலைப் போலவே அந்நூலில் மூண்டெழுகின்றன. அக்காலத் திறனாய்வாளர் பலர் அதன் வேகத்தைக் கண்டு அஞ்சினர். அதன் பெருமையைப் பின்வந்தோரே நன்குணர்ந்தனர்.

1848ஆம் ஆண்டுக் கோடையில், மூவரும் ஒருவரே என்னும் ஐயம் எழுந்தது. அதனை நீக்கச் சார்லட்டும் ஆனும் இரவு இரயிலேறி இலண்டன் சென்றனர். எளிய உடையணிந்த சிறிய உருவினர் இருவர் தம் அறைக்குள் வருவதை ஸ்மித் கண்டார். அவர்களுள் ஒருவர், கர்ரர் பெல் என்பவருக்கு அவரே எழுதிய மடலை அவர் கையில் கொடுத்தார். இஃது உமக்கு எங்ஙனம் கிடைத்தது என்று வினவிய பின்னரே, நாடெங்கும் பேசப்படும் ஆசிரியர் தம் எதிரில் நிற்பதை அவர் உணர்ந்தார்.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் பிரான்வெல் இறந்தான். எமிலியைக் காசநோய் பற்றியது. தமக்கு விருப்பமான ஹெதர்ப் பூவைக் கண்டால் எமிலி மகிழ்வார் என்று எண்ணிய சார்லட், டிசம்பர்க் குளிரில் மேட்டுநிலத்துப் பள்ளங்களில் தேடி, வாடி எஞ்சியிருந்த கிளை ஒன்றைக் கொண்டுவந்தார். மங்கிய விழிகள் அதனை அறிந்துகொள்ளவில்லை. டிசம்பர் 19ஆம் நாள் எமிலி மறைந்தார். அவருக்கு வயது 30. மறு ஆண்டு இளவேனிலில், மே 28ஆம் நாள், கடற்கரை நகராகிய ஸ்கார்பரோவில் ஆன் உயிர் நீத்தார், வயது 29.

அவ்வூரில் இளமைச் சாவு அரிதன்று. பேட்ரிக் பிரான்டே முதலியோர் வேண்டியதன் பேரில் அரசு அனுப்பிய ஆய்வாளர் 1850ஆம் ஆண்டில் அறிக்கை ஒன்று வெளியிட்டார். கழிவுநீர் செல்ல வழியின்மையும் குடிநீர் கெட்டிருந்தமையும் அதில் விளக்கப்பட்டன. ஹாவர்த் மக்கள் இறக்கும் வயதின் சராசரி 26க்கும் குறைவு என்றும், நூற்றுக்கு 41 பேர் ஆறு வயது நிரம்புமுன் இறந்தனர் என்றும் அவ்வறிக்கை காட்டிற்று.

இரவு ஒன்பது மணிக்கு மேசையைச் சுற்றி மூவர் நடந்த அறையில் இப்போது சார்லட் தனியே நடந்தார். அந்தக் காலடியோசையைக் கேட்டு வீட்டுப் பணிப்பெண்ணின் நெஞ்சம் வருந்தியது. ஆயினும் பாதியில் நின்ற 'ஷெர்லி' நாவலை அவர் எழுதி முடித்தார். 1849ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் அது வெளிவந்தது. மறு ஆண்டில் தங்கையர் நூல்களை மீண்டும் பதிப்பித்து, எல்லிஸ் பெல்லும் ஆக்டன் பெல்லும் யாவர் என்பதை உலகுக்கு அறிவித்தார். அச்சேறாதிருந்த எமிலியின் பாடல்கள் சிலவற்றையும் அதனுடன் சேர்த்தார். 1853ஆம் ஆண்டில் 'வில்லெட்' நாவலை வெளியிட்டார். 1854ஆம் ஆண்டில் திருமணம் செய்துகொண்டு, 1855ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள், தம் 38ஆம் வயதில் மறைந்தார். எவரும் ஏற்காத 'பேராசிரியர்' 1857ஆம் ஆண்டில் அச்சாயிற்று.

அவர்கள் வாழ்ந்த இல்லம் 1928ஆம் ஆண்டு முதல் நினைவு அருங்காட்சியகமாக விளங்குகின்றது. சிறுவயதில் எழுதிய சிற்றேடுகளையும் எழுதுபெட்டிகளையும் காணப் பல நாட்டினரும் அங்கே செல்கின்றனர். இரண்டே படிகள் விற்ற கவிதை நூலின் முதற்பதிப்பு இன்று நூல் தொகுப்போர் தேடிப் போற்றும் அரும்பொருள் ஆகிவிட்டது.

விதைத்த மறுநாளே எவரும் அறுவடையை நாடுவதில்லை. பொம்மை வீரர்களோடு தொடங்கிய எழுத்து, நூலாகி மக்கள் கையில் சேர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இகழ்ந்தாரும் உண்டு, திருப்பியனுப்பினாரும் உண்டு. அம்மூவரும் நல்ல பருவம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. எந்தப் பருவம் வந்தபோதும், வீட்டுவேலை முடிந்த இரவில், மேசையருகே அமர்ந்து எழுதினர். கோடை இறுதியில் ஹெதர் பூக்கும்போது மேட்டுநிலம் ஊதா நிறம் கொள்வதை அனைவரும் காண்பர். பனியின் அடியில் அதன் வேர் உயிரோடு இருந்ததை எண்ணிப் பார்ப்போர் சிலரே.